தம்பி பெயரில் வீடு. என் பணத்துக்கு என்ன கதி?

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தம்பி வீடு வாங்கியபோது முன்பணத்துக்கு 30,000 பவுண்டு கொடுத்தேன். வீடு அவன் பெயரில் மட்டுமே. மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். இப்போது விற்கப் போகிறானாம். எனக்குப் பங்கு உண்டா?”

இருக்கலாம். முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். கடன் தரகர் நீட்டிய அன்பளிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா? “வங்கிக்காகச் சும்மா ஒரு சம்பிரதாயம், அண்ணா” என்றிருப்பார். பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பாத்தியதை இல்லை என்று அதில் நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். தரகருக்குக் கமிஷன் வந்துவிட்டது. அந்த அரைப் பக்கம் உங்கள் கழுத்தில் தொங்குகிறது. இப்படி யார் வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான்.

கையெழுத்துப் போடவில்லையா? நல்லது. இங்கிலாந்தில் வீட்டுரிமைக்கு இரண்டு அடுக்கு உண்டு. அரசின் நிலப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் சட்டப்படி உடையவர். அடியில் இருப்பது ஈக்விட்டி உரிமை: பெயர் தம்பியுடையது, பலனில் உங்களுக்கும் பங்கு. பத்திரம் எழுதாவிட்டாலும், வங்கிக் கணக்கு விவரமும் “உனக்கும் பங்குதான்” என்ற குறுஞ்செய்தியும் நீதிமன்றத்தில் பேசும்.

நீங்கள் அங்கே குடியிருப்பதும் பலம். 1980இல் போலண்ட் (Boland) என்ற குடும்பத்தின் வழக்கில், கணவர் பெயரில் மட்டும் இருந்த வீட்டில் பணம் போட்டுக் குடியிருந்த மனைவியின் பங்கு, வீட்டை அடமானம் பிடித்த வங்கியையும் கட்டுப்படுத்தும் என்று அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை சொன்னது. வாங்குபவர் தரப்பு விசாரித்தால் மட்டும் உரிமையை மறைக்காதீர்கள்.

இனிதான் வில்லங்கம். தம்பி மனைவியின் பெயரையும் பதிவேட்டில் சேர்த்துவிட்டால் கதையே மாறும். 1987இல் ஃப்ளெக் வழக்கு அப்படித்தான். பெற்றோர் பணம் போட்டு அங்கேயே குடியிருந்தார்கள். பெயர் மகளுக்கும் மருமகனுக்கும். இருவரும் வீட்டை அடமானம் வைத்தார்கள். கடன் பணம் சட்டப்படி உடையவர் இரண்டு பேர் கைக்குப் போனதால் பெற்றோரின் உரிமை வீட்டைவிட்டுப் பணத்துக்குத் தாவியது. வீட்டில் வங்கியின் கை ஓங்கியது. “மனைவி பெயர்தானே” என்று தலையாட்டாதீர்கள்.

உங்கள் பங்கைக் காக்கப் பதிவேட்டில் கட்டுப்பாடு (restriction) என்ற குறிப்பைப் போடலாம். ஆனால் வழக்கமான கட்டுப்பாடு விற்பனையைத் தடுக்காது. பணத்தை ஒருவரிடம் மட்டும் தராதே, சட்டப்படி உடையவர்களாக இருவரிடம் கொடு என்றுதான் சொல்லும். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! பதிவேட்டு நகலை அரசு இணையதளத்திலேயே எடுங்கள். அதே தோற்றத்தில் உள்ள தனியார் தளங்கள் பல மடங்கு கறக்கும்.

தம்பியின் சொலிசிட்டரை நம்பாமல் உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். விற்பனைப் பணத்தில் உங்கள் பங்கைச் சொலிசிட்டர் கணக்கில் நிறுத்தி வைக்கும்படி, ஒப்பந்தம் கைமாறும் முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால், பெயர் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்ற வழக்குகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் (TOLATA) கீழ் நீதிமன்றம் போகலாம்.