பாரத்தை வைத்துவிட்டேன், ஏன் இன்னும் கனக்கிறது?

கேள்வி: மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். குழு லோன் தவணை வேறு. ராத்திரியில் அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்தால் அப்புறம் தூக்கமே வருவதில்லை. ஜெபக்கூட்டத்தில் "பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறார்கள். அழுது ஜெபித்துவிட்டு எழுந்தால் எல்லாம் அப்படியே இருக்கிறது. விசுவாசம் குறைவு என்று ஒரு அக்கா சொன்னது மனதை அறுக்கிறது. எனக்கு இளைப்பாறுதல் கிடைக்காதா ஐயா?
வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அந்த அக்கா சொன்னதை முதலில் மனதிலிருந்து எடுத்துப் போடுங்கள், சகோதரி. பாரமான சுமைகளைக் கட்டி அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு, தாங்கள் ஒரு விரலால்கூடத் தொடாதவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று மத்தேயு 23-இல் இருக்கிறது. ராத்திரி எழுந்து ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்கிறவளிடம் விசுவாசத்தை அளந்து பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்ற வசனம் நம் வீட்டுக் காலண்டரிலெல்லாம் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வசனத்திலேயே "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு" என்றும் ஆண்டவர் சொல்கிறார். ஜெபித்து எழுந்ததும் வேலை காணாமல் போகும் என்று அவர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை, அதனால் எழுந்த பிறகும் அத்தை படுக்கையில் இருப்பது உங்கள் ஜெபம் தோற்றதற்கு அடையாளம் இல்லை.

1 இராஜாக்கள் 19-ஐ இன்றைக்கு மெதுவாகப் படியுங்கள். எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார், அதுவும் கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த தீர்க்கதரிசி. அவரிடம் விசுவாசம் எங்கே போயிற்று என்று தேவன் கேட்கவே இல்லை. தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை, தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடவைக்கிறான், பயணம் ரொம்பத் தூரம் என்கிறான். ஓரேப் மலையில் தேவன் பேசியதெல்லாம் இதற்குப் பிறகுதான். எனக்கு இந்த அதிகாரத்தில் ரொம்பப் பிடித்த இடமே அந்த அடைதான்.

ஆகவே தூக்கமும் சாப்பாடும் ஆவிக்குரிய காரியம் இல்லை என்று நினைக்காதீர்கள். மோசேயும் எண்ணாகமம் 11-இல் இத்தனை ஜனத்தை நான் ஒருவனாய்த் தாங்க முடியாது என்று கர்த்தரிடமே சொன்னார். கர்த்தர் கூடச் சுமக்க 70 மூப்பரைக் கொடுத்தார். நீங்களும் அப்படி வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் பாஸ்டரம்மாவிடம் போய், "அம்மா, வாரத்தில் ஒரு மத்தியானம் யாராவது வந்து அத்தைகூட இருங்கள், நான் தூங்க வேண்டும்" என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது சபைக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை, அதைக் கேட்க வெட்கம் எதற்கு?

அப்புறம், அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இலிருந்து நடக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, நோய்த்தணிப்புச் சிகிச்சை கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைக் கொடுங்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அங்கேயே டாக்டரிடம் சொல்லுங்கள். எலியாவைப் போல "போதும்" என்று தோன்றுகிற ராத்திரி வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

லோன் விஷயத்தைக் கணவர் வந்ததும் இரண்டு பேருமாக ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். தனியாக இருட்டில் மனக்கணக்குப் போடாதீர்கள்.

ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். நீளமாக வேண்டாம். அத்தையைப் புரட்டும்போதே "ஆண்டவரே, இவர்களும் உம்முடையவர்கள், நானும் உம்முடையவள்" என்று சொன்னால் போதும். அத்தையின் பெயரையும் உங்கள் பெயரையும் ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். அச்சில் வராது, எங்கள் ஜெபத்தில் மட்டும் சொல்லுவோம்.