1957 ஜெர்மன் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

முக்கியக் காரணம், அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாங்கியோ தோற்றுவிட்டார் என்று எல்லோரும் நினைத்த இடத்திலிருந்து அவர் திரும்பி வந்ததுதான்.

நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் ஒரு சுற்றே ஏறக்குறைய 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். ஃபெராரியில் வந்த ஹாத்தார்னும் காலின்ஸும் நிற்காமல் ஓட்டுவதாகத் திட்டம். மஸராட்டி 250எஃப் ஓட்டிய ஃபாங்கியோவோ பாதி டேங்க் பெட்ரோலோடு கிளம்பினார். எடை குறைந்தால் வேகம் கூடும். அதில் கிடைக்கும் முன்னிலையை வைத்து நடுவில் நின்று பெட்ரோல் நிரப்பி டயர் மாற்றிக்கொள்ளலாம். நல்ல கணக்குதான். ஆனால் டயர் மாற்றுவதில் தாமதமாகி, அரை நிமிட முன்னிலை போய், முக்கால் நிமிடம் போலப் பின்தங்கிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். சுற்றுக்குச் சுற்று சாதனை நேரத்தை உடைத்தார். பந்தயத்துக்கு முந்தைய தகுதிச் சுற்றில் அவருடைய நேரம் 9 நிமிடம் 25.6 வினாடி, பந்தயத்திலோ 9 நிமிடம் 17.4 வினாடி! 46 வயதில் ஒரு சுற்றில் எட்டு வினாடி மிச்சம் பிடிப்பதை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. 21ஆம் சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அவருடைய ஐந்தாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது.