ஏர்கோன் இல்லாத காட்டு விடுதிக்கு இவ்வளவு வாடகை தகுமா?

சுற்றுச்சூழல் விடுதி என்று சொல்லிக்கொண்டு ஏர்கோன்கூட இல்லாத அறைக்கு இவ்வளவு வாங்குகிறார்களே, குடும்பத்தோடு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ முகம் சுளித்திருக்க வேண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் போட்டது இது: "உங்கப்பா ரப்பர் தோட்டத்த விட்டு வெளிய வர என்ன பாடுபட்டாரு, நீ காசு குடுத்து கொசுக்கடிக்குப் போறியா?" அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்!

நாங்கள் போனது மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள ரோயல் பெலும் காட்டுப் பூங்கா. பினாங்கிலிருந்து பாலிங், கிரிக் வழியாகக் காரில் போய் பூலாவ் பாண்டிங்கில் படகு ஏற வேண்டும். பூங்காவுக்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதைப் படகுக்காரர்களே எடுத்துத் தந்துவிடுவார்கள். படகு போகும் தெமெங்கோர் ஏரி அணை கட்டியதால் வந்தது என்பதால் தண்ணீருக்கு நடுவே பட்ட மரங்கள் இன்னும் நிற்கின்றன. 117,500 ஹெக்டர் காடு, 2007-இல்தான் மாநிலப் பூங்கா ஆனது. தீபகற்ப மலேசியாவின் 10 வகை இருவாச்சிப் பறவைகளும் அங்கே உண்டு. ஒன்று தலைக்கு மேலே பறந்தால் பழைய ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல இறக்கைச் சத்தம் கேட்கும்.

இரவில் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். முதலில் வேர்க்கும், விடிகாலையில் போர்வை தேடுவீர்கள். துணி மட்டும் காயவே காயாது.

காட்டுப் பாதையில் மகள் கணுக்காலில் அட்டை ஏறியதும் அவள் போட்ட கூச்சலில் வழிகாட்டியாக வந்த, ஜஹாய் என்ற பூர்வகுடி இனத்துத் தம்பியே பயந்துவிட்டார். என் அம்மா பேசாமல், பழைய தோட்டத்துப் பழக்கத்தில், வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை விரல்நுனியில் எடுத்துத் தொட்டார், அட்டை சுருண்டு விழுந்தது. தோட்டக் கஷ்டத்தை அழகாக்குகிறேன் என்று யாராவது கிளம்பி வருவீர்கள், தெரியும். ரப்பர் பால்மரம் வெட்டப் போனவருக்கு அட்டை ஏறாமலிருக்கக் காலுறை வாங்கித் தர ஆளில்லை, அவ்வளவுதான். அதற்காகக் காடே நமக்கு ஆகாது என்று ஆகிவிடுமா?

வாடகையைவிட, கழிவுநீர் எங்கே போகிறது, குப்பையைப் படகில் திருப்பிக் கொண்டுபோகிறார்களா, ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி கிராமத்தாருக்கு வேலை உண்டா என்று கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். நாங்கள் தங்கிய இடத்தில் பதில் சொன்னார்கள், ஆனாலும் அறையில் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல்!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் பினாங்கில் 2016 முதல் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும் என்று விதி. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் பக்கத்துத் தொட்டியில் எல்லாம் ஒன்றாகத்தான் விழுகிறது. நிர்வாகத்திடம் போனால், "நீங்க ஒருத்தர்தான் புகார் சொல்றீங்க" என்கிறார்கள்.