துஷ்டி என்றால் திருப்தியா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சென்னை. கல்யாணமாகி அம்பாசமுத்திரம் வந்து 8 மாதம் ஆகிறது. போன வாரம் அத்தை, "துஷ்டி கேட்கப் போணும், கெளம்பு" என்றார்கள். போய்ப் பார்த்தால் சாவு வீடு. திரும்பி வந்து அகராதியைப் புரட்டினால் துஷ்டி என்றால் திருப்தி, மகிழ்ச்சி என்று போட்டிருக்கிறது! இது என்ன கூத்து? அதோடு, அங்கே போய்க் கேட்பதற்குத்தான் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: நல்லவேளை, அகராதியை அத்தையிடம் காட்டவில்லையே! தப்பு அகராதி மேல் இல்லை. வடமொழியில் நாலு 'த' உண்டு, நமக்கு ஒன்றுதான். 'தம்பி' என்னும்போது வருகிற வல்லோசையில் தொடங்கும் துஷ்டிக்குத் திருப்தி என்று பொருள், சந்தோஷம் அந்தக் குடும்பம். 'தோஷம்' என்னும்போது வருகிற மெல்லோசையில் தொடங்கும் துஷ்டிக்குக் கெடுதல், தீட்டு என்று பொருள், துஷ்டன் இந்தக் குடும்பம். எழுதிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி. நம்ம ஊர்த் துஷ்டி இரண்டாவது குடும்பத்தில் வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது, அங்கே போய்விட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் விட மாட்டார்களே. பேச்சில் 'ஷ்' எல்லாம் கிடையாது, துட்டிதான். சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் போனால் இதையே கேதம் என்பார்கள், அதுவும் வடசொல், அதற்கு நேராகவே துயரம் என்று பொருள்.

சரி, கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஆண்கள் பெரும்பாலும் கையை நீட்டித் தொட்டுவிட்டு, வாசலில் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பெண்கள் அப்படியில்லை, கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன செஞ்சுது?" என்று ஆரம்பிப்பார்கள். "ராத்திரி ரெண்டு இட்லி நல்லாத்தான் சாப்பிட்டாவ, மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தாவ, விடியக்காலம் காப்பி கொண்டு போறேன், சத்தத்தையே காணும்..." அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் இட்லியிலிருந்து தொடங்கும். எங்கள் அம்மா போனபோது நான் 16 நாளும் இதைச் சொன்னேன். முதல் இரண்டு நாள் இட்லியைத் தாண்ட முடியவில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அழாமல் காப்பி வரைக்கும் வந்துவிட்டேன். அதற்குத்தான் 'கேட்க' என்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வாரேன்" என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் "எனக்குத் துஷ்டியாக இருக்கிறது" என்று சொல்லலாமா?
– அதே வாசகி

பதில்: ஐயையோ, வேண்டாம். துட்டி என்பது வீட்டுக்கு நேர்வது. மனசில் இருப்பதற்கு இங்கே 'சங்கடம்' என்று பேர். சென்னையில் சங்கடம் என்றால் ஏதோ கூச்சம், நெளிவது, அவ்வளவுதான். இங்கே அத்தை "மனசுக்குச் சங்கடமா இருக்கு" என்று சொன்னால், அடுப்படியில் நின்று அழுது, முகத்தைக் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.