ஐவரியா, மக்னோலியாவா? நுவரெலியா வீட்டின் முன் அறைச் சுவருக்கு எந்தப் பெயின்ட் நிறம் சரி?

தேயிலைச் சரிவைப் பார்த்த ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் என் ஓட்டு மக்னோலியாவுக்கு.

பெயின்ட் கம்பனியின் கலர் கார்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். ஐவரிக்குள் மஞ்சளும் மக்னோலியாவுக்குள் லேசான ரோஸும் ஒளிந்திருக்கும். கொழும்பு வெயிலில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நம் பக்கத்தில் பாதி நாள் மூட்டம். அந்த வெளிச்சமே நீலம் கலந்தது. அதோடு சரிவிலிருந்து பச்சையும் உள்ளே தெறிக்கும். பச்சை பட்டால் ஐவரிச் சுவர் எலுமிச்சைத் தோல் மாதிரி ஆகிவிடும். மக்னோலியாவின் ரோஸ் அந்தப் பச்சையை அடக்கிவிடும், சுவர் சாதாரண இளவெள்ளையாக நிற்கும்.

இணையத்தில் "வடக்கு பார்த்த அறைக்கு வெயில் வராது, சூடான நிறம் அடியுங்கள்" என்பார்கள். அது இங்கிலாந்துக்காரர்களுக்குச் சொன்னது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கில். ஏப்ரல் முதல் வாரம் கழிந்தால் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆனால் மே மாதத்திலிருந்தே தென்மேற்குப் பருவ மேகம் மூடிவிடும், அது வேறு கதை. அதனால் திசையை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பின்பக்க அறை சீமெந்து மதிலைப் பார்த்திருந்தால் அங்கே ஐவரி நன்றாக இருக்கும். சாம்பல் வெளிச்சத்துக்கு அந்த மஞ்சள் வேண்டும்.

பல்ப்பையும் சேர்த்து யோசியுங்கள். 6500 கெல்வின் (பல்ப் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை பல்ப் போட்டால் இரண்டு நிறமும் செத்துவிடும். மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 போதும், ஆனால் அதில் மக்னோலியா இரவில் கொஞ்சம் பீச் பழ நிறத்தின் பக்கம் போகும். எனக்கு அது பிடிக்கும், உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நீலச் சுவரிலேயே சாம்பிள் அடித்துப் பார்க்காதீர்கள், கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, மறுநாள் நன்றாகக் காய்ந்தபின் சுவரில் சாய்த்துப் பாருங்கள். எமல்ஷன் பெயின்ட் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கறுக்கும். இந்தக் குளிரில் காய நேரம் எடுக்கும் என்பதால் பெயின்ட் அடிக்க வரும் பாஸ் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

அப்புறம், ஒரு கம்பனியின் மக்னோலியா இன்னொன்றின் மக்னோலியா இல்லை. பெயரைச் சொல்லி வாங்காமல் டின்னில் உள்ள கலர் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்து பூஞ்சணம் துடைத்த இடத்துக்கு டச்-அப் செய்யும்போது தேவைப்படும்.