மருத்துவக் கேள்வி–பதில்: ஆய்வுக்கூடத்தில் இரத்த ஸ்டெம் செல்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு வயது 14. எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் ஏபிளாஸ்டிக் அனீமியா என்கிறார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துப்போய் இரத்தம் ஏற்றி வருகிறோம். மஜ்ஜை மாற்றலாம் என்றால் தம்பியின் திசு பொருந்தவில்லை. தோல் உயிரணுவிலிருந்தே ஆஸ்திரேலியாவில் இரத்த ஸ்டெம் செல் உருவாக்கிவிட்டதாகப் படித்தேன். பணம் கட்டினால் அதை ஏற்பாடு செய்வதாக ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தரகருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். தாங்கள் படித்த செய்தி உண்மைதான். ஆனால் அது எலிகளில் நடந்த சோதனை, நோயாளிக்குத் தரும் சிகிச்சையாக இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், வளர்ந்த உடலின் உயிரணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எந்த உறுப்பின் அணுவாகவும் மாறவல்ல தொடக்க நிலைக்கு அதைத் திருப்பிக் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த அணுவிலிருந்து சிவப்பணுவையோ வெள்ளையணுவையோ வருவிப்பது அத்தனை கடினமாக இருக்கவில்லை. ஆயுள் முழுவதும் மஜ்ஜையில் தங்கி, தானும் பெருகி, எல்லா வகை இரத்த அணுக்களையும் ஈன்றுகொண்டே இருக்கும் தாயணுதான் (இதுவே இரத்த ஸ்டெம் செல்) பல ஆண்டுகள் கைக்கு அகப்படாமல் போக்குக் காட்டியது.

இதற்குக் காரணம் கருவின் வளர்ச்சியிலேயே இருக்கிறது. கருவில் முதலில் இரத்தம் ஊறும் இடம் மஞ்சட்கருப்பை, அதாவது கருவோடு ஒட்டியிருக்கும் சிறு பை. அங்கே பிறப்பவை பெரும்பாலும் அப்போதைய தேவைக்கு மட்டுமே. நிலைத்து நிற்கும் தாயணுக்கள் ஐந்தாவது வாரத்தை ஒட்டித்தான், அதுவும் பெருந்தமனியின் உட்சுவரில் தோன்றுகின்றன: சுவரில் தட்டையாக ஒட்டிக்கிடக்கும் அணு மெல்ல உருண்டு, புடைத்து, பிடியை விட்டு இரத்த ஓட்டத்தில் இறங்கி, கல்லீரலில் பெருகிப் பிறகு மஜ்ஜைக்குக் குடிபோகிறது. ஆய்வுக்கூடத்தில் தொடக்கத்தில் கிடைத்தவை பெரும்பாலும் மஞ்சட்கருப்பை வகை அணுக்கள். கண்ணாடித் தட்டில் அவை செழிப்பாகவே இருந்தன. எலிக்குள் செலுத்தினால் தங்கவில்லை. நாற்றங்காலில் பச்சைப்பசேல் என்றிருக்கும் பயிர், பிடுங்கி நட்டபின் வேர் பிடித்தால்தானே கணக்கு?

2017இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் டேலியின் குழு ஏழு மரபணுக் காரணிகளைச் செலுத்தி, எலியின் மஜ்ஜையில் தங்கும் அணுக்களைப் பெற்றது. ஆனால் அயல் மரபணுக்களைச் சுமந்த அணுவை மனிதருக்குள் விடுவதில் புற்றுநோய் அச்சம் உண்டு. தாங்கள் படித்த செய்திக்குரிய, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்தார் 2024 செப்டம்பரில் வெளியிட்ட முடிவை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். அவர்கள் அத்தகைய மரபணு எதையும் நுழைக்காமல், தொடக்க நிலைக்குத் திருப்பிய மனித அணுக்கள் வளர்ப்பு நீரில் மிதந்து சுழலும் திரள்களாக இருக்க, அவற்றுக்கு வளர்ச்சிச் சமிக்ஞைகளையும் வைட்டமின் ஏ குடும்பத்துச் சேர்மம் ஒன்றையும் உரிய நாளில், உரிய அளவில் கொடுத்தனர். அப்படிக் கிடைத்த அணுக்களை உறையவைத்து, பின்னர் எதிர்ப்பாற்றல் குறைந்த எலிகளுக்குச் செலுத்தியபோது, 25 முதல் 50 சதவீத எலிகளில் அவை தங்கிப் பலவகை இரத்த அணுக்களையும் தந்தன. எல்லா எலிகளிலும் தங்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

குழந்தையின் சிகிச்சைக்கு வருவோம். உடன்பிறந்தவரின் திசு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பே 25 சதவீதம்தான். ஆகவே தம்பி பொருந்தாததில் வியப்பில்லை. கொடையாளர் பதிவேட்டில் தேடுதல், பாதி பொருந்தும் தாய் அல்லது தந்தையிடமிருந்து மாற்றுதல், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என வழிகள் உள்ளன. இவற்றை இரத்தநோய் நிபுணரிடம் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் செலுத்துவது முறையற்றது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. தரகரிடம் அதையே காட்டலாம்.

கேள்வி: சொந்தத் தோலிலிருந்தே இரத்தம் செய்ய முடிந்தால், தலசீமியா என்ற பிறவி இரத்தநோய் உள்ளவருக்கும் அது போதுமா?
– கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: போதாது. பிறவியிலேயே வந்த மரபணுப் பிழை தோல் அணுவிலும் அப்படியே இருக்கும்; அதிலிருந்து பெறும் இரத்த அணுவும் அதே பிழையுடன்தான் பிறக்கும். எனவே முதலில் பிழையைத் திருத்திவிட்டே தாயணுவாக வளர்க்க வேண்டும்.