நியூ ஆர்லியன்ஸில் எங்கே, என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஒரே நாள்தான் இருப்போம். எங்கே போகலாம்?

பதில்: காலையில் டிகேட்டர் தெரு, கஃபே டு மான்ட். 1862 முதல் இருக்கிற கடை. சிக்கரி கலந்த பால் காபி நம் நாக்குக்குப் பழகியதுதான். பென்யே என்கிற பொரித்த மாவுப் பண்டம் தட்டுக்கு மூன்றாக வரும், மேலே பொடிச் சர்க்கரை குவிந்திருக்கும். கடிக்கும்போது மூச்சை இழுக்காதீர்கள், புரையேறும். மதியம் ட்ரெமே பகுதியில் டூக்கி சேஸ் உணவகம்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை பல கடைகளில் ரெட் பீன்ஸும் சோறும் போடுவார்கள். துணி துவைக்கிற நாளில் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு வேலை பார்த்த காலத்துப் பழக்கம். பார்க்க ராஜ்மா மாதிரியே இருக்கும். உள்ளே பன்றி இறைச்சி.

கேள்வி: கம்போ என்பது வெண்டைக்காய்க் குழம்பா?

பதில்: வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது என்பார்கள். ஆனால் உயிர் ரூ என்கிற வறுத்த மாவில் இருக்கிறது. மாவையும் எண்ணெயையும் சிறு தீயில் கை எடுக்காமல் கிளற வேண்டும். வெல்லப்பாகு நிறம் வரும், அதையும் தாண்டிக் கரும்பழுப்பாகும். ஒரு கரும்புள்ளி தெரிந்தால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்புறம் வெங்காயம், செலரி, குடைமிளகாய். குழம்பைக் கெட்டியாக்க வெண்டைக்காய், இல்லையென்றால் ஃபீலே என்கிற சசாஃப்ராஸ் இலைப்பொடி.

கேள்வி: தக்காளி போட்டால் அது கம்போவே இல்லை. அதைச் சொல்லவில்லையே?

பதில்: கேஜன் என்கிற லூசியானா கிராமப்புற பிரெஞ்சு வம்சாவளியினர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஐரோப்பிய, ஆப்பிரிக்கக் கலவையான நகரத்துக் கிரியோல் சமையலில் தக்காளி உண்டு.

கேள்வி: யார் வீட்டிலும் தக்காளி கூடாது. கம்போ ஒன்றுதான்.

பதில்: ஒன்று இல்லை. டூக்கி சேஸில் பெரிய வியாழனன்று கீரை கம்போ. 2019-இல் காலமான அந்த உணவகத்தின் சமையல்காரர் லியா சேஸ் பேர் வாங்கித் தந்த பண்டம் அது. ஒன்பது வகைக் கீரை வரை போடுவார்கள், அதையும் கம்போ என்றுதான் ஊரே சொல்கிறது. கீரை என்றதும் சைவர்கள் ஓடிவிட வேண்டாம், அதிலும் இறைச்சி உண்டு.

கேள்வி: போ பாய் சாண்ட்விச்?

பதில்: பார்க்வே பேக்கரி. பொரித்த இறால் வைத்து வாங்குங்கள். 1929 டிராம் வேலைநிறுத்தத்தில், முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் போராடியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாப்பாடு இது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஜூலையில் காசமென்டோஸில் சிப்பி?

பதில்: கோடையில் கடை மூடியிருக்கும்.

கேள்வி: ஹூஸ்டனில் நல்ல கடை?

பதில்: இங்கே நியூ ஆர்லியன்ஸ் மட்டும்தான். ஹூஸ்டன்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: ரெட் பீன்ஸ் சைவம்தானே அக்கா?

பதில்: இல்லை. மேலே சொல்லியாயிற்று, பன்றி இறைச்சி! கோடையில் வந்தால் ஹான்சன்ஸ் ஸ்னோ பிளிஸுக்குப் போங்கள். எர்னஸ்ட் ஹான்சன் தன் கையால் செய்த இயந்திரத்தில் சீவிய ஐஸ், மேலே இனிப்புப் பாகு. வரிசை நீளம், நில்லுங்கள்.